மலைப்பகுதியில் ஒரு கட்டற்ற கைபேசி: தேர்வு முதல் அன்றாடப் பயன்பாடு வரை முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் இரண்டு கணினிகள் இருக்கின்றன. திரையில் நாம் தொட்டு இயக்குவது ஒன்று. டவருடன் பேசும் மோடம் மற்றொன்று. மோடத்துக்குத் தனி ப்ராசசரும் தனி மென்பொருளும் உண்டு. அந்த மென்பொருளின் மூல நிரலைத் தயாரிப்பு நிறுவனங்கள் பயனருக்குக் காட்டுவதில்லை. 2014இல் ரெப்ளிகன்ட் என்ற கட்டற்ற (அதாவது, மூல நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய) ஆண்ட்ராய்டு திட்டத்தினர், சாம்சங் கேலக்ஸி வரிசையின் சில கைபேசிகளில், மோடம் கேட்டால் சேமிப்பகத்தில் உள்ள கோப்புகளைப் படித்தும் எழுதியும் கொடுக்கக்கூடிய நிரல் ஒன்று இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். ஆகவே தனியுரிமையை மதிக்கும் கைபேசி வேண்டுமென்றால், திரைப்பக்கக் கணினியில் கட்டற்ற மென்பொருளை நிறுவுவது பாதி வேலைதான். நம்மால் விடுவிக்க முடியாத மோடத்தை மற்ற பாகங்களிலிருந்து ஒதுக்கி வைப்பதும், அதன் மின்னிணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை நம் கையில் வைத்துக்கொள்வதும் மீதிப் பாதி.

இந்த வழிகாட்டியைக் கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். சிக்னல் நிலையாக இல்லாத, மூடுபனியும் குளிரும் மின்வெட்டும் பழகிப்போன ஊரில் இப்படியொரு கைபேசியை வைத்துக்கொள்வது எப்படி என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லிச் செல்கிறேன். கொடைக்கானல், பண்ணைக்காடு, பூம்பாறைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இவை பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

எதைக் காக்க முடியும், எதை முடியாது

கருவியை வாங்குவதற்கு முன்பே இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சிம் கார்டைப் போட்டு மோடத்தை இயக்கிய நொடியிலிருந்து நீங்கள் எந்த டவரின் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியும். சாதாரண அழைப்பு யாருக்குப் போனது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி சென்றது ஆகிய எல்லாமே அவர்களிடம் பதிவாகும். எந்த மென்பொருளாலும் இதை மறைக்க முடியாது. முடியும் என்று சொல்லி விற்கப்படும் பொருளை நம்ப வேண்டாம்.

கட்டற்ற கைபேசி காப்பது வேறொன்றை. உங்கள் தொடர்புப் பட்டியல், படங்கள், நடமாட்டம், தேடிய சொற்கள், ஒலிவாங்கி ஆகியவற்றை இயங்குதள நிறுவனமும் விளம்பர வலைப்பின்னல்களும் செயலி தயாரிப்பவர்களும் இடைவிடாமல் எடுத்துச் செல்வதை அது நிறுத்துகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசுவாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை அன்றாடம் நாமே செயல்படுத்திக்கொள்வதற்கான வழியாகத்தான் இந்த வேலையைப் பார்க்கிறேன்.

சட்டம் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில மோடங்களில், ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது எளிது. அதைச் செய்யாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்; தவிர, உங்கள் பெயரில் பதிவான சிம்மை அதே கருவியில் போட்ட பிறகு அதனால் தனியுரிமை எதுவும் கிடைப்பதில்லை.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

முழுக்க முழுக்கத் திறந்த வன்பொருளால் ஆன 4ஜி கைபேசி இன்று கடையில் கிடைப்பதில்லை. அந்த இலக்குக்கு யார் எவ்வளவு அருகில் இருக்கிறார்கள் என்றுதான் பார்க்க முடியும்.

என் முதல் பரிந்துரை பைன்64 அமைப்பின் பைன்ஃபோன். 2020இல் வெளிவரத் தொடங்கிய இதில் ஆல்வின்னர் ஏ64 ப்ராசசர் இருக்கிறது. 2 ஜிபி நினைவகமும் 16 ஜிபி சேமிப்பகமும் கொண்ட வகை ஒன்று, 3 ஜிபியும் 32 ஜிபியும் கொண்ட வகை மற்றொன்று. இன்றைய அளவுகோலில் இது மெதுவான கருவிதான், அதை மனத்தில் வைத்தே வாங்க வேண்டும். ஆனால் இதன் சுற்றுவரைபடம் பொதுவில் கிடைக்கிறது. குவெக்டெல் இஜி25-ஜி என்ற இதன் மோடம் முதன்மை ப்ராசசருடன் யூஎஸ்பி வழியாகவே பேசுவதால், முதன்மை நினைவகத்துக்குள் அது நேரடியாகக் கை வைக்க முடியாது. பின்மூடியைக் கழற்றினால் ஆறு சுவிட்சுகள் வரிசையாகத் தெரியும். பேட்டரியும் கழற்றக்கூடியது, சாம்சங் கேலக்ஸி ஜே7 பேட்டரியின் அளவில் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் குன்னூரிலோ உதகையிலோ உள்ள சாதாரணக் கைபேசிக் கடையில் சொல்லிவைத்தாலே கோவையிலிருந்து வரவழைத்துக் கொடுத்துவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கருவி என்பதால் சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ப்யூரிசம் நிறுவனத்தின் லிப்ரெம் 5 இன்னும் ஒரு படி மேலே போகிறது. சுற்றுவரைபடங்கள் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டிருக்கின்றன, மோடம் கழற்றி மாற்றக்கூடிய தனி அட்டையில் இருக்கிறது, மூன்று சுவிட்சுகள் கைபேசியின் பக்கவாட்டிலேயே இருக்கின்றன. மூன்றையும் அணைத்தால் ஜிபிஎஸ்ஸும் உணர்விகளும் சேர்ந்தே அணைந்துவிடும். பைன்ஃபோனைவிட விலை பல மடங்கு அதிகம் என்பதுதான் தடை.

செலவு குறைய வேண்டும் என்பவர்கள் பழைய போக்கோ எஃப்1 அல்லது ஒன்பிளஸ் 6 கைபேசியை வாங்கி அதில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம். இரண்டும் 2018இல் வந்தவை, நம் ஊரில் நிறைய விற்றவை, பைன்ஃபோனைவிடப் பல மடங்கு வேகமானவை. போக்கோ எஃப்1 வாங்கும்போது அதன் திரை டியான்மா நிறுவனத்துடையதா இபிபிஜி நிறுவனத்துடையதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் வெவ்வேறு படிமங்கள் (நிறுவுவதற்கான இயங்குதளக் கோப்புகள்) இருக்கின்றன, மாற்றிப் போட்டால் திரை இயங்காது. போக்கோவின் பூட்லோடரை, அதாவது இயங்குதளத்தை ஏற்றும் தொடக்க நிரலைத் திறக்க நிறுவனத்தின் கணக்கும் சில நாள் காத்திருப்பும் தேவைப்படும். இந்தக் கைபேசிகளில் மோடமும் முதன்மை ப்ராசசரும் ஒரே சிப்பில் இருக்கின்றன, சுவிட்சுகள் இல்லை, கேமரா சரியாக இயங்கும் என்றும் நம்ப முடியாது. மென்பொருளில் விடுதலை கிடைக்கும், வன்பொருளில் கிடைக்காது.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையுடன் மோடம் பலகை ஒன்றைச் சேர்த்துத் தாமே சால்டர் செய்து கைபேசி கட்டலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கும் சிம்800 போன்ற பலகைகள் 2ஜியில் மட்டுமே இயங்குபவை, ஜியோவில் 2ஜி கிடையாது. அன்றாடக் கைபேசியாக அதை எண்ண வேண்டாம். இனி வரும் படிகளைப் பைன்ஃபோனை வைத்தே விளக்குகிறேன்.

பெட்டியைப் பிரித்ததும்

பின்மூடியின் கீழ் மூலையில் ஒரு சிறிய பள்ளம் இருக்கும். அதில் நகத்தை நுழைத்து, ஓரம் முழுவதும் மெல்ல நெம்பிக்கொண்டே போனால் மூடி கழன்று வரும். பேட்டரிக்கும் அதன் முனைகளுக்கும் நடுவே பாதுகாப்புக்காக வைத்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். பேட்டரியை எடுத்து, அந்தத் தாளை நீக்கி, மறுபடி பொருத்துங்கள். கைபேசி உயிர் பெறவே இல்லை என்று கவலைப்படும் பலர் இந்தத் தாளை எடுக்காதவர்களே.

அடுக்காக உள்ள இரண்டு துளைகளில் கீழே உள்ளது சிம்முக்கு, மேலே உள்ளது மெமரி கார்டுக்கு. சிம் துளை மைக்ரோ அளவிலானது. இப்போது எல்லோரிடமும் இருக்கும் நானோ சிம்மைப் போட அடாப்டர் தேவைப்படும். சிம் இல்லாத வெறும் அடாப்டரை ஒருபோதும் உள்ளே தள்ளாதீர்கள். வெளியே இழுக்கும்போது உள்ளிருக்கும் மெல்லிய ஊசிகள் அதில் மாட்டி வளைந்துவிடும், பிறகு பலகையையே பழுதுபார்க்க வேண்டிவரும். சிம்மை அடாப்டரில் பொருத்தி, பின்பக்கம் மெல்லிய ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிவிட்டுச் செலுத்துவது பாதுகாப்பானது.

இயங்குதளத்தை நிறுவுதல்

பைன்ஃபோன் இயங்கத் தொடங்கும்போது முதலில் மெமரி கார்டைத்தான் பார்க்கும். அதில் இயங்குதளம் இருந்தால் அதையே ஏற்றும். எனவே உள்சேமிப்பகத்தைத் தொடாமலேயே நாலைந்து இயங்குதளங்களை வெவ்வேறு கார்டுகளில் எழுதிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். டெபியன் லினக்ஸில் பழகியவர்களுக்கு அதன் கைபேசி வடிவமான மொபியன் வசதியாக இருக்கும். நான் பரிந்துரைப்பது ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ். ஒரு கைபேசியைப் பத்தாண்டுகள் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதை இலக்காக வைத்திருக்கும் திட்டம் அது.

ஆயத்தப் படிமத்தை இறக்கி எழுதுவது எளிது, ஆனால் அதில் வட்டுக் குறியாக்கம் (சேமித்தவற்றைக் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) இருக்காது. கைபேசி பேருந்தில் தொலைந்தால் கார்டைக் கழற்றிப் படித்துவிட முடியும். ஆகவே பிஎம்பூட்ஸ்ட்ராப் என்ற கருவியைக் கொண்டு நாமே படிமத்தை உருவாக்குவதுதான் சரி. லினக்ஸ் இயங்கும் மடிக்கணினியில் அதை நிறுவி, இனிட் என்ற கட்டளையைக் கொடுத்தால் அது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். தயாரிப்பாளராகப் பைன்64ஐயும், கருவியாகப் பைன்ஃபோனையும், முகப்பாக ஃபாஷ் என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஃபாஷ், லிப்ரெம் 5க்காக உருவாக்கப்பட்ட முகப்பு. விரலால் இயக்குவதற்கு ஏற்றது. பிறகு இன்ஸ்டால் கட்டளையுடன் முழு வட்டுக் குறியாக்கத்துக்கான விருப்பத்தையும் மெமரி கார்டின் பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கார்டின் பெயரைக் கொடுப்பதற்கு முன் கணினியில் உள்ள வட்டுகளைப் பட்டியலிட்டு, கொள்ளளவை வைத்து எது கார்டு என்று இருமுறை உறுதி செய்யுங்கள். பெயரில் ஓர் எழுத்து தவறினால் மடிக்கணினியின் வட்டு முழுவதும் அழிந்துவிடும்.

நூற்றுக்கணக்கான எம்பி இறங்க வேண்டியிருப்பதால், மழைக்காலத்தில் இணைப்பு பாதியில் அறுவது மலையில் சகஜம். அறுந்தாலும் ஏற்கெனவே இறங்கிய பொதிகள் கணினியிலேயே இருக்கும், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். ஆயத்தப் படிமத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக வெளியிட்டவர்கள் கொடுத்துள்ள சரிபார்ப்புத் தொகையுடன் (செக்சம்) ஒப்பிடாமல் எழுதாதீர்கள். 147147 என்ற இயல்புக் கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றுங்கள்.

ஓரிரு வாரம் கார்டிலிருந்து இயக்கி நிறைவு ஏற்பட்ட பிறகு உள்சேமிப்பகத்துக்கு மாற்றலாம். ஜம்ப்டிரைவ் என்ற சிறு படிமத்தை ஒரு கார்டில் எழுதிப் போட்டால், கைபேசியின் உள்சேமிப்பகம் யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் பென்டிரைவ் போலத் தெரியும். அதில் முன்பு செய்த முறையிலேயே எழுத வேண்டும்.

மோடத்தை வழிக்குக் கொண்டுவருதல்

பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். இந்தியாவில் பயன்படும் முக்கியமான 4ஜி அலைவரிசைகளை இஜி25-ஜி மோடம் ஏற்கிறது, ஆகவே இணையம் கிடைப்பதில் சிக்கல் இருக்காது. அமைப்புகளில் அணுகுமுனைப் பெயரை (ஏபிஎன்) சேவை நிறுவனம் தந்திருப்பதுபோலவே கொடுத்தால் போதும். குரல் அழைப்புதான் கவனிக்க வேண்டியது. ஜியோவில் வோல்டி (4ஜி வழியாகவே குரல் அழைப்பு) இயங்காவிட்டால் அழைப்பே போகாது. மோடத்துக்குள் சேவை நிறுவனங்களுக்கான அமைப்புகள் பல சேமிக்கப்பட்டிருக்கின்றன. சிம்முக்கு ஏற்ப அவற்றில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆட்டோசெல் வசதியை ஏடி கட்டளை (மோடத்துக்கு நேரடியாகக் கொடுக்கும் உத்தரவு) மூலம் இயக்கி, மோடத்தை மறுதொடக்கம் செய்து பாருங்கள். அதற்கும் படியவில்லை என்றால் பட்டியலில் உள்ள பொது அமைப்பைக் கையால் தேர்ந்தெடுக்கலாம்.

தொடக்கத்தில் ஏர்டெல், பிஎஸ்என்எல் போன்று 2ஜியும் உள்ள நிறுவனத்தின் சிம்மை வைத்துக்கொள்வது நல்லது. வோல்டி கைவிட்டாலும் அழைப்பு 2ஜியில் போய்விடும். ஆனால் 2ஜியின் பழைய ஏ5/1 குறியாக்கம் உடைக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. வோல்டி சரியான பிறகு மோடம் அமைப்பில் 4ஜியை மட்டும் அனுமதிப்பதே முறை. மேடு மறைக்கும் இடங்களில் இது சிக்னலைக் குறைக்கும் என்பதால், உங்கள் வீட்டிலும் வழக்கமான பாதையிலும் சோதித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இந்த மோடத்துக்குள் ஒரு சிறிய லினக்ஸ் இயங்குகிறது. அதன் பெரும்பகுதிக்கு மாற்றாகத் தன்னார்வலர்கள் எழுதிய கட்டற்ற மென்பொருள் கிடைக்கிறது. நிறுவினால் மின்செலவு குறையும், தூக்கத்திலிருந்து விழிக்கும்போது மோடம் காணாமல் போவதும் குறையும். டவருடன் நேரடியாகப் பேசும் அடித்தள நிரல் மட்டும் அப்போதும் மூடியதாகவே இருக்கும். சுவிட்சுகள் தேவைப்படுவது இதனால்தான்.

ஆறு சுவிட்சுகள்

வரிசைப்படி முதலாவது மோடம், இரண்டாவது வைஃபையும் புளூடூத்தும், மூன்றாவது ஒலிவாங்கி, நான்காவது பின்கேமரா, ஐந்தாவது முன்கேமரா, ஆறாவது ஹெட்போன். ஆறாவதை அணைத்தால் ஹெட்போன் துளை, கைபேசியின் உள்நிலையைக் கணினியில் காணும் தொடர்முனையாக மாறிவிடும். இவை அரிசியளவுதான் இருக்கும், விரலால் நகர்த்த வராது. மரப் பல்குச்சியின் நுனியால் மெல்லத் தள்ளலாம். உலோக ஊசி வேண்டாம். கைபேசியை அணைத்துவிட்டு மாற்றுவதே நல்லது.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். இரண்டு கேமராக்களும் தேவைப்படும்வரை அணைந்தே இருக்கும். வீட்டில் வைஃபை இருப்பதால் மோடத்தை அணைத்துவிட்டு, வீட்டாரையும் நண்பர்களையும் இணைய வழியில் அழைக்கிறேன். ஆனால் வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் நாட்களில் மோடத்தை அணைப்பதில்லை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நிகழ்ந்த மண்சரிவுகளை அறிந்த எவரும் அப்படிச் செய்யத் துணிய மாட்டார்கள். 112ஐ அழைக்கவும், அக்கம்பக்கத்தார் நம்மை எட்டவும் வழி இருக்க வேண்டும்.

ஜிபிஎஸ் உணரி மோடத்துக்குள்தான் இருக்கிறது. மோடத்தை அணைத்தால் அதுவும் போய்விடும், மலையில் நடப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. சாதாரணக் கைபேசிகள் இணையத்திலிருந்து உதவித் தரவு பெற்று நொடிகளில் இடத்தைக் காட்டிவிடும். உதவித் தரவு இல்லாமல் தொடங்கினால் பல நிமிடங்கள் ஆகும், சோலை மரங்களின் கீழ் அதைவிடவும் ஆகும். புறப்படுவதற்கு முன் திறந்த வெளியில் சற்று நேரம் வைத்து இடத்தைப் பிடிக்கச் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளும் ஆர்கானிக் மேப்ஸ், சிக்னல் இல்லாத மன்னவனூர்ப் பக்கத்திலும் வழி காட்டும்.

செயலிகள், தமிழ், பணம்

உரையாடலுக்கு எக்ஸ்எம்பிபி என்ற திறந்த செய்திப் பரிமாற்ற நெறிமுறையில் இயங்கும் டினோ நன்றாக இருக்கிறது. குறுஞ்செய்தியையும், மேட்ரிக்ஸ் என்ற மற்றொரு திறந்த நெறிமுறையின் உரையாடலையும் சாட்டி என்ற ஒரே செயலியில் பார்க்கலாம். விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் பொது வைஃபையில் இணைபவர்கள், இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரில், கைபேசியின் வைஃபையை அடையாளம் காட்டும் வன்பொருள் முகவரியை ஒவ்வொரு முறையும் மாற்றும் அமைப்பை இயக்கிவிட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எந்தெந்த இடத்துக்கு வந்துபோனீர்கள் என்பதை அந்த முகவரியே காட்டிக்கொடுக்கும்.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். ஸ்குவீக்போர்டு என்ற திரை விசைப்பலகையின் தளவமைப்புகள் எளிய உரைக் கோப்புகளாக இருப்பதால், தமிழ்99 அமைப்பை நாமே ஒரு கோப்பில் எழுதிச் சேர்க்கலாம்.

பணப் பரிமாற்றச் செயலிகள் இதில் இயங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேட்ராய்டு மூலம் ஆண்ட்ராய்டு செயலிகளை இயக்க முடியும் என்றாலும், வங்கிகளும் யுபிஐ செயலிகளும் சான்றளிக்கப்பட்ட கருவியையே கேட்கின்றன. 2ஜியும் உள்ள சிம்மில் *99# சேவை கிடைக்கும். இணையமே இல்லாமல் ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம், அழைப்புச் செயலியிலேயே அதைத் தட்டலாம். அதுவும் போதாதவர்கள் பழைய ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றை வங்கி வேலைக்கென்று மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வேறு எந்தச் செயலியும், தொடர்புப் பட்டியலும், படங்களும் இருக்கக் கூடாது. இது சமரசம்தான், ஆனால் சந்தைக்குப் போகும்போது சட்டைப் பையில் இருப்பது உங்கள் சொந்தக் கருவி.

குளிர், ஈரம், மின்சாரம்

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சிப் பகுதிகளில் உறைபனி விழும் இரவுகளில் லித்தியம் பேட்டரியை வெளியில் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகப் பழுதடையும். குளிரிலிருந்து அடுப்பெரியும் அறைக்குள் வந்தவுடன் பின்மூடியைத் திறந்தால் பலகையில் ஈரம் படியும், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் மோடம் தொலைவிலுள்ள டவரை எட்ட முழு வலுவுடன் சிக்னல் அனுப்புவதால் பேட்டரி விரைவில் தீரும். அங்கே மோடத்தை அணைத்துவைப்பது தனியுரிமைக்கும் நல்லது, பேட்டரிக்கும் நல்லது. முழுவதும் தீர்ந்த பேட்டரியோடு பைன்ஃபோன் மறுபடி இயங்கத் தடுமாறும் என்பதால், நிரப்பிய பேட்டரி ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

புதுப்பித்தல்

நிலையான வெளியீட்டையே பயன்படுத்துங்கள், சோதனைக் கிளை அன்றாடக் கைபேசிக்கு உரியதல்ல. புதுப்பிப்பதற்கு முன் தொடர்புகளையும் செய்திகளையும் கணினிக்குப் படியெடுத்துவிட்டு, மின்சாரம் நிலையாக இருக்கும் நேரத்தில், கைபேசியைச் சார்ஜரில் இணைத்து வைத்துச் செய்யுங்கள். நன்றாக இயங்கிய படிமம் எழுதிய மெமரி கார்டு ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருங்கள். புதுப்பித்தல் பாதியில் நின்று உள்சேமிப்பகம் கெட்டாலும், அந்தக் கார்டைப் போட்டு இயக்கினால் சில நிமிடங்களில் அழைப்பு எடுக்கும் நிலைக்கு வந்துவிடலாம். பிறகு ஜம்ப்டிரைவ் வழியாக உள்சேமிப்பகத்தை நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம்.